ஒரு நாள் மூத்திரம்

காலையில் முதலில் வருவதைக் கொட்டிவிட வேண்டும், அதற்கப்புறம் வருவதையெல்லாம் ஒரு சொட்டு விடாமல் பிடிக்க வேண்டும், மறுநாள் காலை ஆறு மணிக்கு வருவதையும் சேர்த்துப் பிடித்து, கேனை மூடிக் கொண்டுவர வேண்டும் என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஜெனிட்டா சொன்னாள், நான் தலையை ஆட்டினேன். இரண்டு வருஷமாகத் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். ஜெனிட்டா என்னைப் போல நெஞ்சில் பம்பு வைத்தவர்களைப் பார்த்துக்கொள்கிற கோஆர்டினேட்டர், நல்ல பெண்தான், ஆனால் எதைச் சொன்னாலும் கடைசியில் "ஈஸிதான் டீச்சர்" என்று முடிப்பாள். ஈஸியாம். அவளுக்கென்ன. என் வலது வயிற்றிலிருந்து ஒரு வயர் வெளியே வருகிறது, அது தோளில் தொங்குகிற பைக்குப் போகிறது, பைக்குள் பம்பை ஓட்டுகிற பெட்டியும் இரண்டு பேட்டரியும் இருக்கின்றன. பாத்ரூமுக்குப் போனால் முதலில் பையை ஆணியில் மாட்ட வேண்டும், வயர் இழுபடாமல் பார்க்க வேண்டும், ஒரு கையால் நைட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் மக்கை அடியில் நீட்ட வேண்டும். நான் சுலோச்சனா டீச்சர். இருபத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். நான் வராந்தாவில் நடந்தால் மூன்று வகுப்பறை தாண்டி சத்தம் அடங்கும். நாற்பத்தெட்டு வயதில் மக்கைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நூற்று நாற்பது மில்லி என்று வாய்விட்டுப் படிக்கிறேன், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு இவர் "எட்டு பத்துக்கு நூத்தி நாப்பது, எழுதிக்கிட்டேன்" என்கிறார். நோட்டில் எழுதுவதற்கு நான்தான் கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில். எதையாவது சரியாகச் செய்யாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

கேன் ஐந்து லிட்டர் பிடிக்கும். வெள்ளை பிளாஸ்டிக், பக்கவாட்டில் நூறு நூறாகக் கோடு, திருகுகிற மூடி, மேலே என் பெயரும் வயதும் எழுதிய ஸ்டிக்கர். சூடு படாமல் வைக்க வேண்டும் என்பதால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கத்தினேன். சோறு வைக்கிற இடத்திலா என்று கேட்டேன். "வேற எங்க வெக்கறது சுலோ, மாவை எடுத்துரட்டுமா" என்றார். எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்தார். மாவு புளித்துப்போகும் என்று கத்தினேன். "சரி" என்று திரும்ப வைத்தார். இந்தச் சரிதான் எனக்கு ஆகாது. இந்த மனுஷர் நாச்சிமுத்து, பால் சொசைட்டியில் டெஸ்டர், முப்பது வருஷமாகக் காலை நாலரைக்கு எழுந்துபோய்ப் பாலில் கருவியை முக்கிப் பார்க்கிறவர், இன்றைக்கு எனக்காக லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். சண்டை போட்டால் சண்டை போட வேண்டாமா ஒரு ஆள்? சுவர்கூடப் பந்தைத் திருப்பி அடிக்கும். இவர் "சரி" என்பார், அல்லது காதில் விழாதது மாதிரி பேட்டரி சார்ஜ் ஏறிவிட்டதா என்று பார்க்கப் போவார். பத்தரை மணிக்கு நூற்றுப்பத்து. நூற்றுப்பத்துதானா? மூத்திரம் போக வைக்கிற மாத்திரை மூன்று போட்டிருக்கிறேன். மக்கை ஆட்டிப் பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன், சமமாகப் பிடித்துக் கண்ணை நேராக வைத்துப் பார்த்தேன், பிள்ளைகளுக்கு லேபில் சொல்லிக்கொடுப்பது மாதிரி. நூற்றுப்பத்துதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் குடிக்கலாம், அதில்தான் காப்பி, அதில்தான் ரசம், அதில்தான் மாத்திரைக்குத் தண்ணீர். தெருக்குழாயில் யாரோ குடம் கழுவிக் கொட்டுகிறார்கள், கொட்டுகிற சத்தம் கேட்கக் கேட்க எழுந்துபோய் அந்தப் பொம்பளையின் கையைப் பிடித்து முறிக்கலாம் போல இருக்கிறது. தண்ணீர் குடித்தால் மூச்சு வாங்குகிறது. குடிக்காவிட்டால் கிட்னி காய்கிறதாம். எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போனாலும் அடி.

கிட்னி வேலை செய்கிற அளவு முப்பதுக்கு மேல் வர வேண்டும். அதுதான் கணக்கு. போன வாரம் டாக்டர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "பம்பு அருமையா ஓடுதும்மா" என்றார். பம்பு அருமையாக ஓடுகிறது, பம்புக்கு என்ன, அதற்கு மாலை போடுங்கள். வைரஸ் காய்ச்சல் ஒன்று வந்து என் இதயத்தில் உட்கார்ந்துகொண்டது, பத்து படி ஏறினால் கண் இருட்டும், கால் யானைக்கால் மாதிரி வீங்கும், அப்போதுதான் பம்பு வைத்தார்கள். வைத்த மூன்றே மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது, கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் இரண்டே காலிலிருந்து ஒன்று இரண்டுக்கு இறங்கியது, டாக்டர் கைகொடுத்தார், நானும் சிரித்தேன், எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தோம். அந்த மைசூர்பாகை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது. ஒரு வருஷம் கழித்து அந்த எண் மெதுவாக ஏறத் தொடங்கியது. ஒன்று ஐந்து. ஒன்று ஒன்பது. இரண்டு எட்டு. ஏன் என்று கேட்டேன். பம்பு இதயத்தின் இடது பக்கத்துக்குத்தான் வேலை செய்கிறது, வலது பக்கம் தளர்ந்துபோயிருக்கிறது, அதனால் ரத்தம் பின்னால் தேங்கிக் கிட்னியை அமுக்குகிறது என்றார். அதுவும் போக, பம்பிலிருந்து ரத்தம் விட்டுவிட்டுத் துடித்துப் போவதில்லை, குழாய்த் தண்ணீர் மாதிரி ஒரே சீராகப் போகிறது, அது சில பேருடைய கிட்னிக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார். சில பேருடைய. அந்தச் சில பேரில் நான். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னோம்மா, கையெழுத்து போட்ட பேப்பர்ல இருக்கு" என்றார். பதினாலு பக்கப் பேப்பர். மூச்சு விட முடியாமல் உட்கார்ந்திருக்கிறவளிடம் பதினாலு பக்கத்தை நீட்டினால் படிப்பாளா, போடுவாளா? இவர் என் முட்டியைத் தொட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

"இப்ப இதய மாற்றுக்குப் பேர் எழுதணும்னா கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு சரியாத் தெரியணும்" என்றார் டாக்டர். "உங்க உடம்புல சதையே போயிருச்சு, அதனால ரத்த டெஸ்டை மட்டும் நம்ப முடியாது. ஒரு நாள் யூரினைப் பிடிச்சுப் பார்க்கலாம். முப்பதுக்கு மேல இருந்தா இதயம் மட்டும் போதும். அதுக்குக் கீழன்னா இதயமும் கிட்னியும் சேர்த்து, ஒரே ஆள்கிட்ட இருந்து." எவ்வளவு நாள் ஆகும் என்று இவர் கேட்டார். டாக்டர் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டு, "ரெண்டும் சேர்ந்து கிடைக்கறதுக்கு வரிசை நீளம்" என்றார். ஒரே ஆளிடமிருந்து. அந்த ஆள் இப்போது எங்கேயோ பைக்கை உதைத்துக் கிளம்பிக்கொண்டிருப்பான், ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்திருப்பான், நான் இங்கே உட்கார்ந்து அவன் சாவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். யாரை நினைத்துக் கோபப்படுவது? அவன் மேல் கோபப்பட முடியாது. டயாலிசிஸ் பண்ணிக்கொண்டு ஓட்டலாம் என்றால், பக்கத்து ஊர் சென்டரில் போய் இவர் கேட்டபோது, நாடியே இல்லாத ஆளுக்கு பிரஷர் எப்படிங்க பார்க்கிறது, ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்களாம். எனக்கு நாடி இல்லை, உண்மைதான். மணிக்கட்டில் விரலை வைத்தால் ஒன்றுமே இருக்காது. கோயமுத்தூரில் முழங்கைக்கு மேல் பட்டையைக் கட்டிவிட்டுப் பேனா மாதிரி ஒன்றை வைத்து, உஸ் என்கிற இரைச்சலைக் கேட்டுத்தான் பிரஷர் பார்க்கிறார்கள். நான் பிணம் இல்லை, ஆனால் பிணத்துக்கு உள்ள நாடிதான் எனக்கும். முப்பதுக்கு மேல். பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், எனக்கு முப்பது போதுமாம், ஐந்து மார்க் சலுகை. ஒரு தடவை செல்வராணி என்று ஒரு பெண் அரையாண்டில் முப்பத்து மூன்று எடுத்தாள். அவள் அப்பா தறிப் பட்டறையிலிருந்து அப்படியே, தலையெல்லாம் பஞ்சோடு வந்து நின்றார். ரெண்டு மார்க்குத்தானுங்க டீச்சர், அவ அழுதுட்டே சாப்பிடமாட்டீங்கறா என்றார். தாளை எடுத்து அவர் முன்னால் திரும்பவும் கூட்டினேன். முப்பத்து மூன்று. "நான் போட முடியாதுங்க, அவ எடுக்கோணும்" என்றேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த ஆள் போகும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், அது மட்டும் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. செய்தது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் போடமாட்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு நூற்று அறுபது. அதைப் பார்த்ததும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். மூன்றையும் கூட்டினால் நானூற்றுப்பத்து. நானே கேனில் ஊற்றினேன், நானே மூடியைத் திருகினேன், இவர் வைக்கிறேன் என்று கையை நீட்டினார், "எனக்குத் தெரியாதா, தள்ளுங்க" என்று நானே ஃபிரிட்ஜில் வைத்துக் கதவை அறைந்தேன். பை தோளில் இடறியது. எதற்கு அறைந்தேன் என்று கேட்டால் தெரியாது. அளவு அதிகமாக இருந்தால் முப்பது வந்துவிடும் என்று அர்த்தமில்லை, அதில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு, அது எனக்குத் தெரியும், இருந்தாலும் நூற்று அறுபது என்ற கோட்டைத் தொட்டதும் மனசு ஒரு குதி குதித்தது, அந்தக் குதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு இவர் உப்பில்லாத பருப்பும் சுரைக்காயும் வைத்திருந்தார். கீரை கூடாது, ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரைக்கு ஆகாது. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கிட்னிக்கு ஆகாது. உப்பு கூடாது, இதயத்துக்கு ஆகாது. கூடாததைக் கழித்தால் சுரைக்காய் மிஞ்சும். சாப்பிட்டதும் வயர் வெளியே வருகிற இடத்துக்குக் கட்டு மாற்றினார். மாஸ்க், சோப்பு, இருபது எண்ணும்வரை கை கழுவல், கையுறை, மருந்து, காய்கிறவரை காத்திருப்பு, புதுக் கட்டு. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட இவர் வரிசை தப்பியதில்லை. எழுநூறு நாளுக்கு மேல். ஒரு தடவையாவது தப்பு செய்தால் பிடித்துக் கத்தலாம் என்று நான் காத்திருக்கிறேன், இது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்தேதான் காத்திருக்கிறேன். குனிந்திருந்த அவர் உச்சந்தலையில் முடி போய்த் தோல் பளபளவென்று தெரிந்தது. எனக்கு வந்ததற்கு இவருக்கு ஏன் முடி கொட்டுகிறது, யார் கொட்டச் சொன்னது, நான் கேட்டேனா?

ஒன்றே முக்காலுக்குப் பிரேமலதா வந்தாள். என்னோடு அறிவியல் எடுத்தவள், இப்போது தலைமை ஆசிரியை, என்னைவிட நாலு வருஷம் ஜூனியர். பையில் சீவிய இளநீர் இரண்டு. "வெயிலுக்கு நல்லதுங்க்கா, கிட்னிக்கு இதவிட மருந்தே இல்ல" என்றாள். அறிவியல் எடுத்தவள்! நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்து, "குடுங்க டீச்சர், ஃபிரிட்ஜ்ல வெக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நல்ல வார்த்தை பேசி அனுப்பத் தெரிந்தவர். பிரேமலதா என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், எல்லாருமே இப்படி என் கையை எடுத்துக்கொள்கிறார்கள், நான் பொதுச் சொத்து. விரல் தானாக மணிக்கட்டுக்குப் போனது, நாடி இருக்கிறதா என்று பார்க்கிறாள், பார்க்காத மாதிரிப் பார்க்கிறாள். "இல்ல பிரேமா, இருக்காது" என்றேன். சிவந்துபோய்க் கையை விட்டாள். அப்புறம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டைப் பற்றிப் பேசினாள், புதுக் கணக்கு டீச்சர் பிள்ளைகளோடு சிரித்துப் பேசுகிறாளாம், ஆனால் பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருக்கிறதாம், சென்டம் ஆறு. என் காலத்தில் அதிகபட்சம் நாலு. "நீங்க போட்ட அடித்தளம்தான்க்கா" என்றாள். பொய். சமையலறையில் ஏதோ தடால் என்றது. "என்னங்க?" என்று கத்தினேன். "ஒண்ணுமில்ல, டப்பா" என்றார். பிரேமலதா நல்ல மனசுக்கு ஒன்றும் ஆகாது என்று ஆரம்பித்தாள். எனக்கு நல்ல மனசு இல்லை என்று சொன்னேன். சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. ஃபினாயில் வாசனை வந்தது. விருந்தாள் உட்கார்ந்திருக்கும்போது இந்த மனுஷருக்கு வீடு துடைக்கிற நேரமா இது என்று பல்லைக் கடித்தேன். இரண்டரைக்கு அவள் கிளம்பினாள், படியிறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள், என் வீட்டுப் படியில் எனக்காக யாரும் அழக் கூடாது என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது.

இரண்டு ஐம்பது, நூற்றிருபது. மக்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். இவர் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றார். "குடு, நான் ஊத்தறேன்." எதற்கு, நான் ஊற்றுகிறேன் என்றேன். "மூச்சு வாங்குது பாரு உனக்கு, உக்காரு." நகர்ந்தாரா என்றால் நகரவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் இந்த ஆள் என் வழியை மறித்து நின்றதே இல்லை. தோளால் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தேன், கேனை வெளியே எடுத்து மேடையில் வைத்தேன். நானூறு கோட்டுக்கு மேல் ஒரு நூல் இருக்க வேண்டும். அறுநூறைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கண்ணைக் கசக்கினேன். கேன் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். நோட்டை எடுத்துக் கூட்டினேன், நூற்று நாற்பது, நூற்றுப்பத்து, நூற்று அறுபது, எத்தனை தடவை கூட்டினாலும் நானூற்றுப்பத்து. கேனின் ஸ்டிக்கர் ஒரு பக்கம் ஈரமாகி என் பெயரின் மை கலைந்திருந்தது. தரையில் ஃபினாயில். தடால். மூடி. பதிலும் தெரிந்துவிட்டது, இருந்தாலும் மாணவனை நிறுத்திக் கேட்கிற மாதிரி, "கொட்டிட்டீங்களா?" என்றேன். தலையை ஆட்டினார். "இளநி வெக்க எடம் பண்ணலாம்னு எடுத்தேன். சாஞ்சுருச்சு." எவ்வளவு? "பாதி இருக்கும்." பாதி போனால் இருநூறு இருக்க வேண்டும், அறுநூறு எப்படி? "தண்ணி ஊத்துனீங்களா?" என்றேன், என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "முப்பது வருஷமா பால்ல தண்ணி ஊத்தறவனப் புடிச்சுக் குடுத்தீங்களே, நீங்க தண்ணி ஊத்துனீங்களா?" இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி இல்ல" என்றார்.

தண்ணீர் இல்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஐம்பத்து நாலு வயது ஆள், சட்டைக்கு மேல் பட்டன்வரை போடுகிறவர், கூடத்தில் பிரேமலதா உட்கார்ந்திருக்க, கொல்லைப்பக்கம் கேனை எடுத்துக்கொண்டு போய் நின்றிருக்கிறார். சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு வந்தது என்னவென்றால், நெஞ்சுக்குள் பம்பு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, அது கோபத்துக்கு வேகமாக அடிக்காது, எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அடிக்காது, அந்த ஆத்திரமெல்லாம் போக வழியில்லாமல் தொண்டைக்கும் காதுக்கும் ஏறியது. கையில் இருந்த மக்கைச் சிங்கில் எறிந்தேன். "அறிவிருக்கா உங்களுக்கு? அந்த நம்பரை வெச்சுத்தான இதயம் மட்டும் போதுமா கிட்னியும் வேணுமான்னு முடிவு பண்ணுவாங்க? உங்க கிட்னி நல்லா இருக்குன்னு வரும், என் பேரை இதயத்துக்கு மட்டும் எழுதுவாங்க, எவனோ ஒருத்தன் செத்து அவன் இதயத்தை எனக்கு வெப்பாங்க, வெச்ச மறுநாள் என் கிட்னி படுத்துக்கும். அப்ப அவனும் வீணு, நானும் வீணு. என்னைக் கொல்லப் பாத்தீங்களா?" கொல்லப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது. இவர் மேடையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல சுலோ." "என்ன இல்ல?" "மொதல்ல பயந்துட்டேன். நீ திட்டுவியேன்னு. அப்பறம்…" அப்புறம் என்ன? சொல்லுங்கள். இன்றைக்கு நான் விடமாட்டேன். "அப்பறம் ஊத்தறப்ப, முப்பது வந்தா வந்துட்டுப் போகட்டுமேன்னு தோணுச்சு. ரெண்டுன்னா வரிசை நீளம்னாங்களே." இதுவரை நான் கேட்டிராத குரல், கீச்சென்று, சின்னப் பையன் குரல் மாதிரி. "போன வாரம் நீ ஸ்கேனுக்குப் போயிருந்தப்ப டாக்டர்கிட்ட கேட்டேன். என்னுதுல ஒண்ணை எடுத்துக்கங்க, இதயம் மட்டும் வெளிய வாங்கினாப் போதுமேன்னு. எனக்குச் சக்கரை இருக்கறதால எடுக்க மாட்டாங்களாம். கிட்னியத்தான் வேண்டாம்னுட்டாங்க."

இதை எதற்கு என்னிடம் மறைத்தார் என்று ஒரு கோபம். என்னைக் கேட்காமல் எப்படிக் கேட்கலாம் என்று ஒரு கோபம். சர்க்கரை எப்படி வந்தது, சொசைட்டி டீக்கடையில் நாலு சர்க்கரை போட்டு நாளைக்கு ஐந்து டீ குடித்தால் வராதா என்று ஒரு கோபம். ஆனால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டன. மூடியைப் பார்த்தேன். கேன் சாய்ந்தால் திருகிய மூடி ஏன் திறக்க வேண்டும்? கடைசியாகத் திருகியது யார்? எனக்குத் தெரியாதா, தள்ளுங்க என்று சொல்லிவிட்டு, பாதித் திருகில் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிக் கதவை அறைந்தது யார்? இவருக்கு அது தெரியும். எடுக்கும்போதே கையில் தெரிந்திருக்கும். நான் கொல்லப் பார்த்தீர்களா என்று கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. "மூடி நல்லாத் திருகியிருந்துதா?" என்று கேட்டேன். "இருந்துது, நான்தான் பாக்காம எடுத்துட்டேன்" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள், ஒரே நாளில் இரண்டு. உட்கார்ந்துவிட்டேன். இவர் பதறி வந்து பையைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தார், என் முகத்தைக் கடைசியாகத்தான் பார்த்தார். "கொட்டுங்க" என்றேன். "எல்லாத்தையுமா?" "எல்லாத்தையும்." கேனை எடுத்துக்கொண்டு போனார். கழிப்பறையில் அது விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது, என்னுடையதும் அவருடையதும் கலந்து போகிற சத்தம். அப்புறம் குழாயைத் திறந்து அலசினார், திரும்பத் திரும்ப அலசினார், பால் கேன் அலசுகிற பழக்கம்.

ஜெனிட்டாவுக்குப் போன் போட்டேன். டீச்சர், எல்லாம் ஈஸியாப் போயிட்டிருக்கா என்றாள். கொட்டிவிட்டது, நாளைக்குக் காலையிலிருந்து திரும்பப் பிடிக்கிறேன் என்றேன். "ஐயையோ, எப்படிக் கொட்டுச்சு? அங்கிள் தட்டிவிட்டுட்டாரா?" இவர் பாத்ரூம் வாசலில் அலசிய கேனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார், நீர் சொட்டிக்கொண்டிருந்தது, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நின்றார். "இல்ல, நான்தான்" என்றேன். "மூடியைச் சரியா மூடலை." அது உண்மைதான், பாதி உண்மை. மீதியை அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை, எழுதிக்கொள்ளட்டும், சுலோச்சனா டீச்சர் மூடியைச் சரியாக மூடவில்லை என்று. போனை வைத்தேன். இவர் ஏதோ சொல்ல வந்தார். "ஒண்ணும் பேசாதீங்க" என்றேன். "நாளைக்கும் லீவு போட வேண்டாம், ஒரு கேனை நானே பாத்துக்குவேன்" என்றேன். போட்டார். மறுநாள் முழுக்க என் வழியில் வராமல், நான் கூப்பிட்டால் மட்டும் வந்து, அளவை எழுதிக்கொண்டு போனார். நான் ஊற்றினேன், நானே திருகினேன், ஒவ்வொரு தடவையும் திருகியபின் கேனை அவரிடம் நீட்டினேன், அவர் இன்னொரு தடவை திருகிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். அதற்கடுத்த நாள் காலை ஆறுக்கு நூற்றைம்பது, மொத்தம் ஆயிரத்து நாற்பது, ஏழு மணி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார், பக்கத்து சீட்காரர் என்னங்க கேன்ல என்று கேட்டாராம், டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போறேன் என்றாராம், பாலா என்றாராம், ஆமாங்க என்றாராம்.

இரண்டு நாள் கழித்து ஜெனிட்டா கூப்பிட்டாள். குரலில் ஈஸி இல்லை. "பத்தொம்பது டீச்சர்" என்றாள். பத்தொன்பது. முப்பதில் பத்தொன்பது. நான் எதிர்பார்த்ததுதான், எதிர்பார்த்ததற்காக அது குறைவாக வலிக்கும் என்று யார் சொன்னது? திரும்பக் கூட்டச் சொல்ல முடியுமா, யார் தாளையாவது எடுத்து யார் முன்னாலாவது வைத்து? டாக்டர் ரெண்டுக்கும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். எவ்வளவு நாள் என்று கேட்கவில்லை. "ரெண்டுக்கும் எழுதும்மா" என்றேன். எழுதுகிறேன் என்றாள். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது என்று சுவர் மேல் கோபம், ஜன்னல் மேல் கோபம், அடுத்த வீட்டுக் குக்கர் விசில் மேல் கோபம். பாதிப் பகல் தாண்டியிருந்தது, சொசைட்டியில் கணக்கு முடிக்கிற நேரம். இவருக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பின்னால் கேன்கள் உருளுகிற சத்தம், யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். "பத்தொம்போது" என்றேன். அந்தப் பக்கம் கேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் குறைந்தது, வெளியே நடந்து வந்துவிட்டார் போல. "வரட்டுமா?" என்றார். வேண்டாம், இருக்கிற வேலையைப் பாருங்கள், வந்து என்ன பண்ணப் போகிறீர்கள் என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஒரு லாரி அவர் பக்கம் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"வாங்க" என்றேன்.